மீனாளின் மார்க்கரில் காற்று கசிந்த ஞாயிறு

“ஸ்ஸ்ஸ்ஸ்...”

குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு முனகல் வருமே, அதே சத்தம். ஆனால் நாங்கள் நின்றது அடுப்படியில் இல்லை. சித்தியவானுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, இறுதி ஆட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் என்று காத்திருந்தோம்.

சத்தம் மீனாளின் கையிலிருந்து வந்தது.

“அக்கா,” என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. “இது எனக்கு மட்டும்தான் கேக்குதா?”

எனக்கும் கேட்டது. கேப்டன் புவனாவுக்கும் கேட்டது. பத்தடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த மீனாளின் மாமியாருக்குக்கூடக் கேட்டுவிட்டது.

“என்னாடி அது, பாம்பா?” என்று காலிரண்டையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

பாம்பாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மார்க்கரில் காற்று கசிகிறது. அதுவும் மீனாளின் மார்க்கரில். அதுவும் மறுபடியும்!

அது துப்பாக்கி இல்லை, ஐயா

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ரோஸ்மேரி. ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் நர்ஸ். வார நாளில் மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை என் வாயை யாராலும் மூட முடியாது.

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘நாற்பத்தாறு வயதில் உங்களுக்கு எதற்கம்மா துப்பாக்கி?’

ஐயா, அது துப்பாக்கி இல்லை. பெயிண்ட்பால் ஆடுகிற மார்க்கர். அழுத்திய காற்று அடைத்த ஒரு பாட்டில் அதன் பின்னால் இருக்கும். சாய உருண்டை முன்னால் பறக்கும். நம் மேல் பட்டு உடைந்தால் நாம் அவுட், கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான். உயிர் போகாது. மானம்தான் போகும்.

எங்கள் குழுவுக்கு ஓர் அழகான ஆங்கிலப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. பேராக் மாநிலம் முழுக்க எங்களை ‘ஆண்டி டீம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அரையிறுதியில் இருபது வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரைச் சாயத்தில் குளிப்பாட்டி அனுப்பினோம். அதிலிருந்து அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது.

போன வருடத்துக் கார் பார்க்

மீனாள் வக்கீல். செட்டிநாட்டுக் குடும்பம், குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்கு அடியில் வீடு. கோர்ட்டில் நீதிபதி முறைத்தாலும் அவளுக்குக் குரல் நடுங்காது என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவள் போன வருடம் கார் பார்க்கில் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அது அவளுடைய முதல் ஆட்டம். விசில் ஊதினார்கள். ஓடினாள். மரத்துக்குப் பின்னால் மண்டியிட்டாள். மூன்றே நொடி, மார்க்கர் இருந்த காற்றையெல்லாம் கக்கிவிட்டது. ஒரு உருண்டைகூடச் சுடாமல் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்து வந்தாள். எதிர்க் குழுவில் யாரோ கைதட்டினார்கள்.

அந்த மார்க்கரை முந்தின நாள் பிரித்துப் பார்த்துவிட்டு, “பக்காவா இருக்கு, கவலைப்படாம போ” என்று சொன்னவள் நான்தான். குழுவுக்கு மெக்கானிக் நான்தானே. கிளினிக்கில் பல் குடையும் கருவியும் காற்றில்தான் ஓடுகிறது, அதிலும் இதே மாதிரி சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள்தான். அந்தத் தைரியத்தில் வேலையை ஏற்றுக்கொண்டவள்.

அன்று கார் கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன்: “அடுத்த வருஷம் நீ உள்ள போற, சுடற. நான் பொறுப்பு.”

ஒரு வருடம் முழுக்க மீனாள் ரிசர்வ் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த முறை அரையிறுதி முடிந்த கையோடு எங்கள் ஐந்தாவது ஆள் வேலை மாற்றலில் கோலாலம்பூர் போய்விட்டாள். அந்த இடம் மீனாளுக்கு வந்தது. நேராக இறுதி ஆட்டம்! சேதி சொன்ன அன்று அவள் கிளினிக் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். உள்ளே பல் பிடுங்கக் காத்திருந்த மனிதர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

இப்போது அதே மீனாளின் கையில் அதே சத்தம்.

நான் ஏசிய ஏச்சு

பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் ஏசுவேன். அது என் பிறவிக் குணம்.

“என்னா பண்ணி வச்ச இதுல? எண்ணெய் ஊத்துனியா?”

“இல்லக்கா! தொடவே இல்ல!”

“பொய் சொல்லாத. எண்ணெய் ஊத்தாத, ஊத்தாதன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? படிச்சவதானே நீ? ஒரு வருஷம் நான் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டா, ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டு வந்து நிக்கிற!”

பக்கத்துக் கூடாரத்தில் எதிர்க் குழுப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மீனாளின் மாமியாரும் பார்த்தார். மீனாளின் காது சிவந்தது.

எண்ணெய் என்று நான் பாய்ந்ததற்குக் காரணம் இருந்தது. குழு தொடங்கிய புதிதில் புவனா, தையல் மெஷினுக்குப் போடுகிற மாதிரி, மார்க்கருக்கு நல்லெண்ணெய் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்த ரப்பர் வளையங்கள் ஊறிப் பருத்து, பணியாரம் மாதிரி ஆகிவிட்டன. அன்று முழுக்க மைதானத்தில் எள்ளு வாசம். அந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன். புவனாவுக்கு இன்னும் என் மேல் கோபம்.

“ஏசுனது போதும்லா, ரோஸ்,” என்றாள் புவனா. “மொதல்ல கசிவு எங்கன்னு பாரு.”

காது, விரல், சவர்க்காரம்

கசிவு பார்ப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் காது. பிறகு விரல். அதற்கும் மசியாவிட்டால் சவர்க்காரத் தண்ணீர்.

மார்க்கரைக் காதோரம் வைத்தேன். சத்தம் பின்பக்கம்தான். பாட்டில் வந்து சேருகிற இடத்தில் இருக்கலாம். பத்துக் கசிவில் எட்டு அங்கேதான் இருக்கும். காற்றை மூடி, உள்ளே மிச்சமிருந்ததைத் தரையைப் பார்த்துச் சுட்டு வெளியேற்றி, பாட்டிலைக் கழற்றினேன். அதன் கழுத்து வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்துப் புதுசு போட்டேன். பாட்டிலைத் திருகிக் காற்றைத் திறந்தேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

“அலாமாக்!” என்றாள் புவனா.

சரி, குழல் பக்கம் போவோம். ஒரு டிஷ்யூத் தாளைக் கிழித்துக் குழல் வாயில் பிடித்தேன். தாள் அசையவே இல்லை. அப்படியென்றால் முன்பக்கம் குற்றமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, உருண்டையைத் தள்ளுகிற போல்ட்டை உருவி அதிலிருந்த மூன்று வளையங்களையும் மாற்றினேன். இப்போது நினைத்தால் வீண் வேலை. பதற்றத்தில் மூளை எங்கே ஓடும்?

நடுவராக வந்திருந்த அஸ்மான் கூடாரத்துக்குள் தலையை நீட்டினார். “லிமா பெலாஸ் மினிட், காக்!”

பதினைந்து நிமிடம்.

“வேற மார்க்கர் வாடகைக்கு எடுத்தா?” என்று மீனாள் மெதுவாகக் கேட்டாள்.

முடியாது. காலையில் ஒவ்வொரு மார்க்கரும் எவ்வளவு வேகத்தில் சுடுகிறது என்று அளந்து, ஆட்டக்காரரின் எண் போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அவரவர் ஸ்டிக்கர் ஒட்டிய மார்க்கரோடுதான் உள்ளே போகலாம். பழுது பார்த்தால் மறுபடி அளந்துகொண்டு போகலாம், ஆள் மாற்றிக் கையில் எடுக்கக் கூடாது. என்னுடையதை அவளிடம் கொடுக்கவும் வழியில்லை.

“சாபார்லா, பொறு,” என்றேன், அவளுக்கும் எனக்கும் சேர்த்து. “ஆச்சி, பாத்திரம் கழுவற சோப்பு இருக்கா?”

செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்று மரியாதையாகச் சொல்வது வழக்கம். அதைக் கேட்டுவிட்டு யாராவது அவரைக் கிழவி என்று நினைத்தால் தொலைந்தார்கள். மருமகளின் ஆட்டத்தைப் பார்க்கத் தொப்பியும் கூலிங் கிளாசுமாக வந்திருந்த ஆச்சி, பையிலிருந்து ஒரு குட்டி சோப்பு பாட்டிலை எடுத்து நீட்டினார். டிஃபன் கேரியர் கொண்டுவருகிறவரிடம் சோப்பு இல்லாமல் இருக்குமா?

நுரையைக் குழைத்து விரலால் தடவினேன். பாட்டில் கழுத்தில் ஒன்றுமில்லை. குழாய் மூட்டில் ஒன்றுமில்லை. ரெகுலேட்டருக்கு வந்தேன். பாட்டிலிலிருந்து வேகமாக வருகிற காற்றை அடக்கி அளவாக உள்ளே விடுகிற சின்ன உருளை அது. அதன் பக்கவாட்டில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

துளையின் மேல் ஒரு குமிழி எழுந்தது. பெரிதாகி உடைந்தது. இன்னொன்று எழுந்தது.

“புடிச்சிட்டேன்! மீனா, புடிச்சிட்டேன்டி!” என்று நான் போட்ட சத்தத்தில் ஆச்சியின் மடியிலிருந்த கச்சான் எல்லாம் சிதறியது.

உள்ளே இருந்தது

மறுபடி காற்றை மூடி, வெளியேற்றி, ரெகுலேட்டரைத் திருகிப் பிரித்தேன். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவினேன்.

குச்சி வெளியே வந்தபோது அதன் நுனி மஞ்சளாக இருந்தது. மஞ்சளுக்கு நடுவில் இரண்டு மூன்று சிவப்புத் துகள்.

மோந்து பார்த்தேன். சந்தனம்.

அந்தச் சந்தனத்தை வைத்த விரல் எதுவென்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. வேலை நாளில் எல்லாராலும் கூட முடியவில்லை என்று ஆச்சி எங்களுக்காக ஆட்ட நாளான ஞாயிறு விடியற்காலைக்குத் தள்ளி வைத்திருந்தார். குனோங் ராபாட் வீட்டுப் போர்ச்சில் காருக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். ஒரு பாயில் ஐந்து மார்க்கர்கள், பாட்டில்களைக் கழற்றித் தனியாக வரிசை வைத்திருந்தோம். நான் கிறிஸ்தவள். ஒவ்வொரு முறையும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன், பிறகு சுண்டலுக்கு மட்டும் முன்னால் வருவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இந்த முறை ஆச்சி சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். “ரோஸு, நீயும் ஒண்ணுக்கு வையேன். உன் கைதானே இதுங்களுக்கெல்லாம் வைத்தியம் பாக்குது.”

என்னை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. நேரே போய் மீனாளின் பாட்டில் முன்னால் உட்கார்ந்தேன். போன வருடத்துக்கெல்லாம் சேர்த்து வைக்கிற மாதிரி சந்தனத்தை வழித்து எடுத்தேன். மற்றவர்கள் பாட்டிலின் வயிற்றில் வைத்திருந்தார்கள். எனக்கோ பித்தளைக் கழுத்தின் உருண்டை முனைதான் நெற்றி மாதிரி தெரிந்தது. நச்சென்று அதில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம்.

காற்று வெளியே வருகிற ஓட்டையே அதுதான். கிளம்பும் அவசரத்தில் மேலாகத் துடைத்துவிட்டுத் திருகிவிட்டேன். காலையில் வேகம் அளந்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஈரமாக இருந்தது காய்ந்து, உடைந்து, காற்றோடு போய் ரெகுலேட்டரில் உட்கார்ந்திருக்கிறது.

“என்னாடி இருந்திச்சு உள்ள?” என்று ஆச்சி எட்டினார்.

குச்சியை டிஷ்யூத் தாளில் சுருட்டிச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். “தூசி, ஆச்சி. பழைய தூசி.”

ஆமாம், பொய் சொன்னேன். ஊர் கேட்க அவளை ஏசி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கத்தைவிடப் பெரிய பூட்டு என் வாய்க்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஒரு ரப்பர் வளையம்

உள்ளே சுத்தமாகத் துடைத்தேன். ஆனால் பிஸ்டனில் இருந்த வளையம் போயிருந்தது. குங்குமத் துகள் உரசி ஒரு பக்கம் கீறல். என் பெட்டியில் எல்லா அளவிலும் வளையம் உண்டு. எளிதில் தேயாது என்று நான் வாங்காமலே விட்டது அந்த ஒரே ஒரு அளவுதான்.

புவனா கூடாரம் கூடாரமாக ஓடினாள். எல்லாரிடமும் வேறு வேறு மாடல், வேறு அளவு. சுற்றிலும் ஆயிரம் ரப்பர் மரம். நடுவில் நின்றுகொண்டு மொச்சைக்கொட்டை அளவு ரப்பர் வளையத்துக்குப் பிச்சை எடுக்கிறோம்!

நான் பிறந்தது இப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில்தான். வாசகர்கள் பலர் அதைப் பற்றி உருகி எழுதச் சொல்கிறார்கள். எனக்கு உருக்கமெல்லாம் வருவதில்லை. அன்றைக்கும் கொசு கடித்தது, இன்றைக்கும் கடிக்கிறது. ஆனால் அந்த நிமிடம் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வளையம் கொடு என்று கேட்கலாமா என்றிருந்தது.

“லிமா மினிட்!” என்று அஸ்மான் கத்தினார். இன்னும் ஐந்தே நிமிடம்.

மீனாள் முகமூடியைக் கழற்றினாள். கையுறையையும் கழற்றினாள். அழவில்லை. “பரவால்லக்கா,” என்றாள். “நீங்க நாலு பேரும் போங்க. நான் பழகிக்கிட்டேன்.”

பழகிக்கிட்டேன் என்றாளே, அதுதான் என்னை அறுத்துவிட்டது.

எங்கள் ஐந்து மார்க்கரும் ஒரே மாடல். என்னுடையதை எடுத்தேன். பாட்டிலைக் கழற்றி, ரெகுலேட்டரைப் பிரித்து, வளையத்தை நெம்பி எடுத்தேன்.

“ரோஸ்! என்னா செய்ற?” புவனா அலறினாள். “நீ எப்படி ஆடுவ?”

“நான் ஆடல.”

கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சிலிக்கான் கிரீஸை ஒரு துளி தடவி, வளையத்தை மீனாளுடைய பிஸ்டனில் ஏற்றி, மூடித் திருகினேன். பாட்டில். காற்று. காதை வைத்தேன்.

ஒன்றுமில்லை. நுரை தடவினேன். குமிழி இல்லை.

வேகம் அளக்கும் மேசைக்கு இருவரும் ஓடினோம். முதல் அளவு வரம்பைத் தாண்டியது. அஸ்மான் தலையை ஆட்டினார். ரெகுலேட்டரைக் கால் திருகு குறைத்தேன். இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. “ஓகே, மாசோக்!” என்று அவர் வாசலைக் காட்ட, நான் மீனாளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

“ஓடுடி!”

வலைக்கு இந்தப் பக்கம்

விசில் அடித்தது. நான் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்துவிட்டார்.

ஐந்து பேருக்கு எதிராக நாலு பேர். எங்கள் மீனாள் மூன்றாவது மர நிரையில் குனிந்து ஓடி, ஒரு மரத்தின் பின்னால் மண்டியிட்டாள். போன வருடம் உட்கார்ந்த அதே மாதிரி.

டப்! டப்டப்டப்!

சுடுகிறாள்! ஐயோ, சுடுகிறாள்! எதிரே ஒரு பிள்ளையின் தோளில் ஆரஞ்சுச் சாயம் வெடித்தது.

“அடி! அப்படித்தான் அடி! மீனா, பீப்பாய்க்குப் பின்னாடி ஒருத்தி ஒளிஞ்சிருக்கா!” என்று ஆச்சி கத்த, நடுவர் ஓடி வந்து, “மக்சிக், டாக் போலே!” என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். வெளியிலிருந்து துப்புச் சொல்லக் கூடாதாம். “அவன் கெடக்கான்,” என்று ஆச்சி என்னிடம் சொன்னார்.

புவனா ஒருத்தியை வீழ்த்திவிட்டு அவுட் ஆனாள். மற்ற இருவரும் ஒருத்தியைச் சாய்த்துவிட்டு அடுத்தடுத்து வெளியே வந்தார்கள். கடைசியில் மீனாள் ஒருத்தி, எதிரே இரண்டு பேர். அவள் நிரை விட்டு நிரை தாவினாள். சறுக்கினாள், எழுந்தாள், சுட்டாள். ஒன்று காலி! நான் வலையைப் பிய்த்துவிடுகிற மாதிரி உலுக்கினேன்.

அடுத்த நொடி மீனாளின் முகமூடி முழுக்க நீலமானது.

ஒரே ஒரு ஆளில் தோற்றோம். உள்ளே இல்லாமல் போன அந்த ஒரே ஒரு ஆள் நான்.

மீனாள் வெளியே வந்தாள். முகமூடியைக் கழற்றினால் உள்ளே முகமெல்லாம் சிரிப்பு. “சுட்டேன்க்கா! பாத்தீங்களா? ரெண்டு பேரு! ரெண்டு!” என்று வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நீலமெல்லாம் என் மேல். “யாருக்கா இப்படிச் செய்வா? உங்க ஆட்டத்தையே எனக்குக் குடுத்துட்டீங்களே.”

“என்னா மனசுடி உனக்கு, ரோஸு,” என்று ஆச்சி என் கன்னத்தை வழித்தார். எதிர்க் குழுப் பிள்ளைகள்கூட வந்து கைகொடுத்தார்கள். ஒருத்தி சொன்னாள், “ஆண்டி, யூ ஆர் தி பெஸ்ட்லா.”

நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சட்டைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்துப் பிரித்து மீனாளிடம் நீட்டினேன். “தூசி இல்ல. சந்தனம். காலையில நான் வச்சது. ஓட்டையிலயே வச்சிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. தெரிஞ்சும் மறைச்சிட்டேன்.”

மீனாள் குச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லப் போனது. இப்போது எதிரே நின்றது வக்கீல்.

“அப்ப என்னை ஏசுனது?”

“தப்பு.”

“எங்க வச்சு ஏசுனீங்க?”

“இங்கதான்.”

“யாரு முன்னாடி?”

“எல்லாரு முன்னாடியும்.”

“அப்ப எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க.”

என் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடக் கொஞ்சம் வழக்காடிவிட்டுத்தான் கேட்பேன். சுற்றிலும் பார்த்தேன். புவனா கையைக் கட்டிக்கொண்டு, நல்லெண்ணெய்க் கதைக்கு இன்றுதான் நியாயம் கிடைக்கிறது என்கிற முகத்தோடு நின்றாள்.

ஐஸ் பெட்டி மேல் ஏறினேன்.

“மீனா மேல ஒரு தப்பும் இல்ல! எல்லாம் என்னாலதான்! நான் மன்னிப்புக் கேக்கறேன்!”

தோட்டமே திரும்பிப் பார்த்தது. அஸ்மான் விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார்.

“கேக்கலலா!” என்றாள் மீனாள். சாய முகத்தோடு, சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு.

மூச்சை இழுத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கத்தினேன்.